பழைய ஸ்விட்ச்சும் புது ஸ்விட்ச்சும் ஒரே ரேக்கில்

பெங்களூருக்கு நெட்வொர்க் வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் மனதில் இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டி, இல்லையென்றால் வொயிட்ஃபீல்ட். கண்ணாடிக் கட்டடம், ஏசி போட்ட சர்வர் அறை, எல்லாமே ஒரே கம்பெனியின் புது மாடல். ஆனால் பலருக்கு முதல் வேலை அமைவது பீனியாவிலோ பொம்மசந்திராவிலோ ஒரு பட்டறையில், அல்லது அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே ரேக்கைத் திறந்தால் மேலே போன வருடம் வாங்கிய ஸ்விட்ச் (கணினிகளையும் கருவிகளையும் கேபிள் வழியாக இணைக்கும் பெட்டி) இருக்கும். அதற்குக் கீழே 2008 வாக்கில் வாங்கியது. அதற்கும் கீழே, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் யாரோ செகண்ட்ஹேண்டாக எடுத்து வந்த, ஸ்டிக்கர் உரிந்துபோன ஒன்று. மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமே என்று கேட்டால் முதலாளி சொல்லும் பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "ஓடுற பொருளை எதுக்குப்பா மாத்தணும்?" அவர் கஞ்சத்தனமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கணினி சொல்படி உலோகத்தை வெட்டும் ஒரு சிஎன்சி மெஷின் இருபது வருடம் உழைக்கும். அதன் கண்ட்ரோலரில் இருக்கும் நெட்வொர்க் போர்ட் அது செய்யப்பட்ட காலத்துப் போர்ட். ஸ்விட்ச்சுக்குள்ளும் ஃபேனைத் தவிரத் தேய்ந்துபோக அதிகம் ஒன்றுமில்லை. பணம் தாராளமாக இருக்கும் கம்பெனிகளும் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றுவதில்லை, மாடி மாடியாகத்தான் மாற்றுகிறார்கள். ஆகவே பழையதும் புதியதும் கலந்து கிடப்பதுதான் நெட்வொர்க்கின் வழக்கமான நிலை. அதைப் புரிந்துகொள்ள ஒரு அடிப்படை விஷயம் தெரிந்தால் போதும்.

புதிய கருவிக்குப் பழைய கருவியின் மொழி தெரியும். பழையதற்குப் புதியதன் மொழி தெரியாது. அதனால் இரண்டும் பேசிக்கொள்ளும் இடத்தில் இறங்கி வருவது எப்போதும் புதியதுதான். 1000 மெகாபிட் போர்ட் 100-க்கு இறங்கும். பாதுகாப்பான லாகின் முறை பாதுகாப்பு குறைந்த முறைக்கு இறங்கும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பாதி உலகம் ஓடாது. சிக்கல் என்னவென்றால் இது பல இடங்களில் சத்தமில்லாமல் நடக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. எங்கே இறங்கி வர விடலாம், எங்கே கூடாது, எங்கே பழையதைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் கணக்கெடுப்பு

மென்பொருள் எதையும் நிறுவுவதற்கு முன்னால் ஒரு எக்செல் தாளைத் திறங்கள். மாடல், சீரியல் எண், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, ஐபி முகவரி, எந்த அறை, எந்த யுபிஎஸ், எந்தப் போர்ட் எதனோடு இணைந்திருக்கிறது, எல்லாம் எழுதுங்கள். கூடவே இரண்டு பத்திகள்: இதற்குள் எந்த வழியில் லாகின் ஆகலாம்? தயாரித்தவர் இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை எப்போது நிறுத்துகிறார், அல்லது நிறுத்திவிட்டாரா? ஒரு கருவி பழையதா என்பதை நான் வாங்கிய வருடத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், இந்தக் கடைசிப் பத்தியை வைத்துத்தான் சொல்வேன். பத்து வருடமாகியும் திருத்தம் வரும் ஸ்விட்ச் உண்டு. மூன்றே வருடத்தில் கைகழுவப்பட்ட மலிவு ரவுட்டரும் உண்டு.

யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதைக் கருவிகளே ஓரளவு சொல்லிவிடும். எல்எல்டிபி என்ற நெறிமுறை 2005-இல் தரமானது. அதைப் பேசும் கருவிகள் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை "நான் இன்னார், என் இந்தப் போர்ட்டிலிருந்து பேசுகிறேன்" என்று பக்கத்துக் கருவிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். சிஸ்கோவின் பழைய கருவிகள் இதே வேலையைச் சிடிபி என்ற தங்கள் சொந்த முறையில் செய்தன. இரண்டுமே தெரியாதவைதான் தொல்லை. மேஜைக்கு அடியில் கிடக்கும் ஐந்து போர்ட், எட்டு போர்ட் டப்பாக்களுக்கு ஐபி முகவரியே கிடையாது, எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அவற்றைப் பிடிக்க ஒரு வழி உண்டு. பெரிய ஸ்விட்ச்சின் மேக் முகவரிப் பட்டியலைப் பாருங்கள் (மேக் முகவரி என்பது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தயாரிப்பாளர் கொடுக்கும் அடையாள எண்). ஒரே கணினி இருக்க வேண்டிய போர்ட்டில் ஏழெட்டு மேக் முகவரிகள் தெரிந்தால் அந்தக் கேபிளின் மறுமுனையில் ஒரு டப்பா ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு மொழி

எல்லாக் கருவிகளையும் ஒரே திரையில் கண்காணிக்க வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும். அது எஸ்என்எம்பி. இதன் பிறப்புக் கதை வேடிக்கையானது. 1988-இல் இணையத்தின் தொழில்நுட்பக் குழு இதைக் கொஞ்ச காலத்துக்கான தற்காலிக ஏற்பாடாகத்தான் பரிந்துரைத்தது. நிரந்தரத் தீர்வாக வேறொரு பெரிய திட்டம் வரப்போவதாக நினைத்தார்கள். அந்தப் பெரிய திட்டம் இணையத்தில் நிலைக்கவில்லை. தற்காலிகமாக வந்தது இன்று வரை நிற்கிறது. உங்கள் ரேக்கில் இருக்கும் பழைய ஸ்விட்ச்சும் இதைப் பேசும், புதியதும் பேசும், யுபிஎஸ்ஸும் பிரிண்டரும்கூடப் பேசும்.

இது வேலை செய்யும் விதம் எளிது. கருவிக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி வைத்துப் பிரித்த ஒரு நீண்ட எண் உண்டு. கருவியின் விவரம் வேண்டுமென்றால் 1.3.6.1.2.1.1.1 என்று தொடங்கும் எண்ணைக் கேட்க வேண்டும். எந்தக் கம்பெனியின் கருவி என்றாலும் இந்த எண் இதே பொருளைத்தான் தரும். கம்பெனிகள் தங்கள் சொந்தத் தகவல்களை வைத்துக்கொள்ள 1.3.6.1.4.1 என்பதன் கீழ் ஆளுக்கொரு கிளை உண்டு, சிஸ்கோவுக்கு 9. கண்காணிப்பு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை யுடிபி 161-ஆம் போர்ட்டில் இந்தக் கேள்விகளைக் கேட்டு, வந்த விடைகளை வைத்துக் கிராஃப் வரையும். லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் சிறிய இடத்துக்குத் தாராளமாகப் போதும்.

பழையதும் புதியதும் இங்கே எப்படிப் பிரிகின்றன? எஸ்என்எம்பியில் மூன்று பதிப்புகள் புழக்கத்தில் உண்டு. முதல் பதிப்பிலும் 2சி என்ற பதிப்பிலும் "கம்யூனிட்டி" என்ற ஒரே ஒரு சொல்தான் பாஸ்வேர்ட். அதுவும் மறைக்கப்படாமல் அப்படியே கேபிளில் போகும். பல கருவிகளில் அந்தச் சொல் பெட்டியைத் திறக்கும்போதே "பப்ளிக்" என்று வைக்கப்பட்டிருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். 2002 கடைசியில் தரமான மூன்றாம் பதிப்பில்தான் முறையான பயனர் பெயரும் மறையாக்கமும் வந்தன. புதிய கருவிகளுக்கு மூன்றாம் பதிப்பையே கொடுங்கள். பழையதற்கு 2சி-தான் வரும் என்றால் பரவாயில்லை, கொடுக்கலாம். ஆனால் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள், மாற்ற அனுமதி வேண்டாம். கண்காணிப்பு சர்வரின் ஐபியிலிருந்து மட்டும் கேள்வி வர விடுங்கள். எளிமைக்காக எல்லாவற்றையும் 2சி-யிலேயே வைத்துக்கொள்வோம் என்று சிலர் செய்வார்கள். இரண்டு பழைய ஸ்விட்ச்சுக்காக இருபது புதிய ஸ்விட்ச்சுகளை இறக்கி வைப்பதில் நியாயமில்லை.

இங்கே புதியவர்கள் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு போர்ட்டில் இதுவரை எத்தனை பைட்டுகள் போயின என்று கருவி ஒரு எண்ணில் கூட்டிக்கொண்டே வரும். பழைய முறையில் அந்த எண் 32 பிட் அளவு. 4,294,967,295-ஐத் தொட்டதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் பூஜ்யம் காட்டுமே, அதே கதை. 10 மெகாபிட் காலத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் இது சுற்றி வர 57 நிமிடம் ஆகும், கவலையில்லை. 100 மெகாபிட்டில் 5.7 நிமிடம். ஒரு ஜிகாபிட்டில் வெறும் 34 விநாடி. உங்கள் மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் எண் எட்டு முறை சுற்றியிருந்தாலும் அதற்குத் தெரியாது. நெரிசலில் திணறும் லிங்க் கிராஃபில் காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும். இதற்காகத்தான் 64 பிட் எண்ணிகள் வந்தன. ஆனால் எஸ்என்எம்பியின் முதல் பதிப்புக்கு 64 பிட் எண் என்றால் என்னவென்றே தெரியாது, குறைந்தது 2சி வேண்டும். ஆகவே ஒரு புது ஜிகாபிட் ஸ்விட்ச்சைப் பழைய வழக்கத்தில் முதல் பதிப்பிலேயே கண்காணிப்பில் சேர்த்தால் ஸ்விட்ச் நன்றாக இருக்கும், கிராஃப் பொய் சொல்லும். வேகம் சரியில்லை என்று ஆட்கள் புகார் சொல்ல, கிராஃபைக் காட்டி "ஒன்றும் இல்லையே" என்று நீங்கள் வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

புது லேப்டாப் உள்ளே போக மறுக்கும்போது

கண்காணிப்பது ஒன்று, உள்ளே போய் அமைப்பை (கான்ஃபிகரேஷனை) மாற்றுவது வேறு. பழைய கருவிகள் சிலவற்றில், தொலைவிலிருந்து கட்டளை அடிக்க டெல்நெட் என்ற பழைய முறை மட்டும்தான் இருக்கும். டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்ட் உட்பட, திறந்தபடியே போகும். பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ இப்படிப் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டதைப் பார்த்துத்தான் ஃபின்லாந்தின் தாட்டூ இலோனென் 1995-இல், இதே வேலையை மறையாக்கத்தோடு செய்யும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். உங்கள் கருவியில் எஸ்எஸ்ஹெச் இருந்தால் டெல்நெட்டை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் அடுத்த தலைவலி ஆரம்பிக்கும்.

எஸ்எஸ்ஹெச்சிலும் பழையது, புதியது உண்டு. 2008 ஸ்விட்ச்சுக்குத் தெரிந்த சாவிப் பரிமாற்ற முறைகளை இன்றைய உலகம் பலவீனமானவை என்று ஒதுக்கிவிட்டது. ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் 2015-இல் வந்த 7.0 பதிப்பிலேயே அவற்றில் சிலவற்றை வழக்கத்திலிருந்து நீக்கியது. 2021-இன் 8.8 பதிப்பில் ஷா-1 என்ற பழைய கணக்கு முறையை வைத்துக் கையெழுத்திடும் முறையும் போனது. அதனால் புது லேப்டாப்பிலிருந்து பழைய ஸ்விட்ச்சுக்குப் போனால் பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே இணைப்பு அறுந்துவிடும். பொதுவான முறை எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லேப்டாப் இறங்கி வர மறுக்கிறது, அவ்வளவுதான். மறுப்பதும் சரிதான்.

பழைய ஸ்விட்ச்சுகளின் வெப் பக்கமும் இப்படித்தான். சிலவற்றுக்கு ஜாவா ஆப்லெட் வேண்டும், இன்றைய பிரவுசர்களில் அது கிடையாது. சிலவற்றுக்கு ஃபிளாஷ் வேண்டும், அது 2020 கடைசியோடு போய்விட்டது. சில, வெப் பக்கத்தை மறையாக்கும் டிஎல்எஸ் முறையில் 1.0-க்கு மேல் பேசாது, அதைப் பெரிய பிரவுசர்கள் எல்லாம் கைவிட்டுவிட்டன.

இந்த இடத்தில் பலர் செய்வது, இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு வரியைப் போட்டு லேப்டாப்பின் பாதுகாப்பையே மொத்தமாகத் தளர்த்திவிடுவது. அப்புறம் அந்த லேப்டாப் எங்கே போனாலும் யாரிடமும் பலவீனமான முறையில் பேசத் தயாராக இருக்கும். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புக் கோப்பில் குறிப்பிட்ட ஒரு ஐபி முகவரிக்கு மட்டும் விலக்கு எழுத முடியும். இன்னும் நல்லது, இதற்கென்று ஒரு தனிக் கணினியை ஒதுக்குவது. ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, அதில் மட்டும் பழைய முறைகளை அனுமதித்து, பழைய கருவிகளுக்குள் போக வேண்டியவர் எல்லோரும் முதலில் அதற்குள் நல்ல பாஸ்வேர்டோடு நுழைந்து அங்கிருந்து போகும்படி வைத்துவிடுங்கள். பழைய ஸ்விட்ச்சும் அந்த ஒரு முகவரியிலிருந்து வருபவரை மட்டும் உள்ளே விடட்டும். டெல்நெட்டைத் தவிர வேறு வழியே இல்லாத கருவிக்கும் இது பொருந்தும். திறந்த பாஸ்வேர்ட் அந்தக் கணினியிலிருந்து ஸ்விட்ச் வரை, அதற்கென ஒதுக்கிய பாதையில் மட்டும் ஓடும்.

வயசுக்கு மரியாதை கொடுக்கும் நெறிமுறை

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி ஸ்பானிங் ட்ரீ. இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கு இடையே ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று கூடுதல் கேபிள் போடுவோம். ஆனால் வட்டமாக இணைந்துவிட்டால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கே முடங்கிவிடும். இதைத் தடுக்க, 1985-இல் ரேடியா பெர்ல்மன் டெக் என்ற கணினிக் கம்பெனியில் இருந்தபோது ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைமை ஸ்விட்ச்சாகத் தேர்ந்தெடுக்கும். மற்றவை தலைமைக்குப் போகும் மிக நல்ல பாதையை வைத்துக்கொண்டு உபரிப் பாதைகளை அடைத்துவிடும்.

தலைமையை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, குறைந்த எண் வெல்லும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்தால் பொதுவாக எல்லாவற்றிலும் அது 32768-தான். சமமாக இருந்தால் மேக் முகவரியைப் பார்க்கும், சிறியது வெல்லும். தயாரிப்பாளர்கள் மேக் முகவரிகளைப் பெரும்பாலும் ஏறுவரிசையில் செலவழிக்கிறார்கள். அதனால் ஒரே கம்பெனியின் கருவிகளில் மிகப் பழைய ஸ்விட்ச்சின் முகவரிதான் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். அதாவது யாரும் கை வைக்காத நெட்வொர்க்கில் கிழட்டு ஸ்விட்ச் தலைமைப் பதவிக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வந்தால் என்ன? ஒரு முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புது ஸ்விட்ச்சுகள், தங்களுக்குள் 10 ஜிகாபிட் கேபிள். இரண்டும் தனித்தனியாக ஒரு பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்சோடும் இணைந்திருக்கின்றன. பழையது தலைமையாகிவிட்டால் இரண்டு புதியவையும் அதற்குப் போகும் நேர்ப் பாதையை வைத்துக்கொள்ளும். உபரியாகி அடைபடுவது எது? அந்த 10 ஜிகாபிட் கேபிள்தான். இனிமேல் டிசைன் அறையிலிருந்து சர்வருக்குப் போகும் எல்லா ஃபைலும் பழைய ஸ்விட்ச்சைச் சுற்றிக்கொண்டு 100 மெகாபிட்டில் போகும். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரியும். "புது ஸ்விட்ச் வாங்கி என்னப்பா பிரயோஜனம்?" என்று முதலாளி கேட்பார். கேள்வி நியாயமானது.

மருந்து ஒரே ஒரு வரி. தலைமையாக இருக்க வேண்டிய புது ஸ்விட்ச்சின் முன்னுரிமையை 4096 என்று வையுங்கள். அதற்குத் துணையாக இருப்பதற்கு 8192. பழையதை அப்படியே விட்டுவிடலாம். கூடவே இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். 2001-இல் வந்த வேகமான ஸ்பானிங் ட்ரீயைப் பழைய ஸ்விட்ச் அறியாமல் இருக்கலாம். அப்போது அதை ஒட்டியுள்ள போர்ட்டில் மட்டும் புது ஸ்விட்ச் பழைய முறைக்கு இறங்கும். அந்தப் பக்கம் கேபிள் அறுந்தால் மாற்றுப்பாதை திறக்க 30 முதல் 50 விநாடி ஆகலாம். பட்டறையில் இதைச் சகித்துக்கொள்ளலாம். பில் போடும் கவுண்ட்டர் அந்த ஸ்விட்ச்சில் இருந்தால் அதை இடம் மாற்றுங்கள்.

சின்னச் சின்ன உரசல்கள்

பழைய காலத்தில் வேகத்தைக் கையால் 100, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் பேசுவது) என்று பூட்டி வைக்கும் பழக்கம் இருந்தது. அப்படிப் பூட்டிய போர்ட்டோடு தானாகப் பேசிமுடிவு செய்யும் புதுப் போர்ட்டை இணைத்தால், புதியது வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்காது. விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது) இறங்கிவிடும். ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப். சோதனைக்கு அனுப்பும் சிறிய பிங் ஓடும், பெரிய ஃபைல் தவழும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் பூட்டு. கலக்காதீர்கள்.

வைஃபை கொடுக்கும் புது ஆக்சஸ் பாயிண்ட்டை, கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பழைய பிஓஇ ஸ்விட்ச்சில் மாட்டினால் மின்சாரம் பத்தாமல் போகலாம். 2003-இன் தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், 2009-இன் தரம் 30 வாட். வைஃபை 6 ஆக்சஸ் பாயிண்ட்டுகளில் பல 30-ஐ எதிர்பார்க்கும். குறைந்தால் சில மாடல்கள் வசதிகளைக் குறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். வாங்குவதற்கு முன் டேட்டாஷீட்டில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

வைஃபையில் பழைய பார்கோடு ஸ்கேனர் ஒன்று 1 அல்லது 2 மெகாபிட்டில் பேசும்போது அந்த நேரம் முழுக்க மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காற்று எல்லோருக்கும் பொது. ஸ்கேனர்களுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் தனிப் பெயரில் ஒரு வைஃபை, மற்றவர்களுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று பிரித்தால் ஆபீஸில் சண்டை குறையும்.

அமைப்பை மாற்றுவது: ஒரே திட்டம், இரண்டு கை

2002-இல் அமெரிக்காவில் ஒரு கூட்டம் நடந்தது. நெறிமுறைகளை எழுதுபவர்கள், நெட்வொர்க்குகளை நடத்துபவர்களை உட்கார வைத்து உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்கள். வந்த பதில்: எஸ்என்எம்பி கண்காணிக்க உதவுகிறது, ஆனால் அமைப்பை மாற்ற நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை, கட்டளை வரியில்தான் மாற்றுகிறோம். அதன் தொடர்ச்சியாக 2006-இல் நெட்கான்ஃப் வந்தது. கருவியின் அமைப்பை ஒழுங்கான வடிவத்தில் கேட்கலாம், திருத்தி அனுப்பலாம். அதற்கு ஆதரவு தரும் கருவிகளில் எல்லா மாற்றமும் ஒன்றாக ஏறும், இல்லையென்றால் ஒன்றும் ஏறாது என்ற உத்தரவாதத்தோடு செய்யலாம். 2010-இல் யாங் என்ற வடிவமைப்பு மொழி அதற்குத் துணையாக வந்தது.

பழைய ஸ்விட்ச்சுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது மனிதன் அடிக்கும் கட்டளைகளும் மனிதன் படிக்கும் விடையும்தான். அப்படியானால் இரண்டு விதமாக நிர்வகிக்க வேண்டுமா? பாதி ஆமாம். திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) எண் எதற்கு, கேமராக்கள் எதில், சிஎன்சி எதில், எந்தப் போர்ட் யாருக்கு என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். அந்தத் தாளிலிருந்து புதியவற்றுக்கு நெட்கான்ஃப் வழியாகவும் பழையவற்றுக்கு எஸ்எஸ்ஹெச்சில் கட்டளைகளாகவும் அனுப்பலாம். ஆன்சிபிள் போன்ற மென்பொருள் இரண்டையும் செய்யும். ஆனால் முப்பது கருவிகளுக்குக் குறைவாக இருந்தால் பழையவற்றில் எழுதுவதைத் தானியக்கமாக்க நான் அவசரப்பட மாட்டேன். பாதிக் கட்டளை ஏறி மீதி ஏறாமல் நின்றால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். எழுதுவதைக் கையால் செய்யுங்கள், படிப்பதைத் தானியக்கமாக்குங்கள்.

படிப்பது என்று நான் சொல்வது அமைப்பின் நகலெடுப்பை. ஆக்ஸிடைஸ்டு என்ற இலவச மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு கருவிக்குள்ளும் போய், அமைப்பை எடுத்து, முந்தையதோடு ஒப்பிட்டு வைக்கும். பழசு, புதுசு, பல கம்பெனி என்று நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கருவிகளை அதற்குத் தெரியும். இன்றைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மின்சாரம் போய் வந்ததும் எழாமல் போகும் முதல் ஸ்விட்ச் பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும்.

வேலி போட வேண்டியவை

சில கருவிகளை எந்த வகையிலும் திருத்த முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் சிஎன்சி மெஷின் ஒரு உதாரணம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. ஃபைல் பகிர அது எஸ்எம்பி முதல் பதிப்பைத்தான் பேசும், 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அதே பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியிலிருந்து விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவும்போது அந்தப் பதிப்பு தானாக வருவதில்லை. டிசைன் செய்பவரின் புதுக் கணினிக்கும் மெஷினுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோவது இதனால்தான். உடனே யாராவது புதுக் கணினியில் பழைய பதிப்பை இயக்கிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சிஎன்சிக்கு ஒரு தனி விலான் கொடுங்கள். அதிலிருந்து இணையத்துக்கு வழி வேண்டாம், ஆபீஸ் கணினிகளுக்கும் வேண்டாம். நடுவில் இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு சிறிய லினக்ஸ் கணினி இருக்கட்டும். அது மெஷின் பக்கம் பழைய முறையிலும் ஆபீஸ் பக்கம் புது முறையிலும் பேசி, புரோகிராம் ஃபைல்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோய் வைக்கட்டும். இறங்கி வருவது அந்த ஒரு கணினியோடு நின்றுவிடும். திருத்தம் நின்றுபோன கேமராக்களுக்கும் இதே போன்ற தனி விலான் போதும்.

நேரமும் பதிவும்

இது சலிப்பான விஷயம், ஆனால் சட்டம் சம்பந்தப்பட்டது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்கள் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய ஸ்விட்ச்சில் 180 நாள் பதிவு வைக்க இடம் கிடையாது. சில நூறு வரிகள் வைத்திருக்கும், மின்சாரம் போனால் அதுவும் போச்சு. ஆகவே எல்லாக் கருவிகளும் பதிவுகளை, எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்ப வேண்டும். பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதமும் தேதியும் மணியும் இருக்கும், வருடம் இருக்காது, எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்காது. 2009-இல் வந்த புதிய வடிவத்தில் எல்லாம் உண்டு. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டால் பழையது உலக நேரத்திலும் புதியது இந்திய நேரத்திலும் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் நிற்கலாம். பதிவு வந்து சேர்ந்த நேரத்தையும் சர்வரே ஒவ்வொரு வரியிலும் எழுதும்படி வைத்துவிடுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, உள்ளேயே நேரம் சொல்லும் ஒரு என்டிபி சர்வர் வைத்து, அது வெளியே தேசிய நேரத்தோடு ஒத்துப்போக, மற்ற கருவிகள் அதைக் கேட்கும்படி செய்தால் பழைய கருவி எதுவும் வெளி உலகத்தோடு பேச வேண்டியிருக்காது.

எதை முதலில் மாற்றுவது

பணம் வந்தால் வயதைப் பார்த்து மாற்றாதீர்கள், இடத்தைப் பார்த்து மாற்றுங்கள். இணையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரவுட்டரும் ஃபயர்வாலும் முதலில். எல்லாப் போக்குவரத்தும் கடந்துபோகும் நடு ஸ்விட்ச் அடுத்தது. பட்டறை மூலையில் நான்கு மெஷினுக்கு மட்டும் உழைக்கும் பழைய ஸ்விட்ச் கடைசி. அதற்கு அதே மாடலில் இன்னொன்றை எஸ்.பி. ரோட்டில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமான செலவு என்றுதான் நினைக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே மின்சாரம் கொடுத்து, ஃபேன் சத்தத்தைக் கேட்டு, எல்லாப் போர்ட்டிலும் ஒரு கேபிளை மாட்டிப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதிலிருக்கும் பழைய அமைப்பை அழித்து, உங்கள் நகலை ஏற்றிச் சோதித்து, தேதி எழுதி ஒட்டி வையுங்கள்.

அப்படி வாங்கும் ஸ்விட்ச்சைத் திறந்து பார்த்தால் சில நேரம் யாரோ ஒருவருடைய நெட்வொர்க் முழுவதும் உள்ளே இருக்கும்: விலான்கள், ஐபி முகவரிகள், கம்யூனிட்டி சொல், பாஸ்வேர்டுகள். சிஸ்கோவின் பழைய "டைப் 7" முறையில் மறைத்த பாஸ்வேர்டைச் சில விநாடிகளில் திரும்ப எடுத்துவிடலாம். உங்கள் கருவியைப் பழைய சாமான் கடைக்கோ மின்கழிவு மறுசுழற்சிக்கோ அனுப்பும்போது மறுமுனையில் இருப்பவர் இதே போலத் திறந்து பார்ப்பார். அமைப்பை அழித்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டு உண்மையிலேயே காலியாகத்தான் எழுகிறதா என்று பார்த்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். கணக்குத் தாளில் அந்த வரியையும் கண்காணிப்பு மென்பொருளில் அந்த முகவரியையும் அன்றைக்கே நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு "ஸ்விட்ச் டவுன்" என்று போன் அலறும்.